அப்டேட்: குடோன் டேப்லட்ல லேன் கேபிள் ஓடிடுச்சு

முன்ன கேட்டிருந்தேன்ல, மன்னார்குடி பக்கம் எங்க ரைஸ் மில்லுல குடோன் வரைக்கும் வைஃபை எட்டல, அங்க உள்ள ஆண்ட்ராய்டு டேப்லட்ட லேன் கேபிள்ல மாட்டி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்குற ஷேர் ஃபோல்டர பாக்க முடியுமான்னு. முடியுது மக்களே. லேன் கேபிள டேப்லட்ல சொருக டைப்-சி ஈத்தர்நெட் அடாப்டர் வாங்குனேன், சார்ஜ் போடுற போர்ட்டும் சேந்தே இருக்குற மாதிரி பாத்து, இல்லன்னா குறுவை அறுப்பு நேரத்துல பேட்டரி தாங்காது. கேபிள சொருகுனதும் ஐபி (நெட்வொர்க்ல டேப்லட்டோட அட்ரஸ் நம்பர்) தானா வந்துடுச்சு.

ஃபோல்டர்தான் இழுத்தடிச்சுது. பிங் போகுது, அதாவது டேப்லட்டுல இருந்து கம்ப்யூட்டர எட்ட முடியுது, ஆனா பாஸ்வேர்டு தப்புன்னே சொல்லுது. விண்டோஸ்ல டெய்லி அடிக்கிற பின் நம்பர் நெட்வொர்க் ஷேருக்கு செல்லாது, அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டுதான் வேணும், அதனால தனியா ஒரு லோக்கல் யூசர் போட்டு அந்த ஃபோல்டருக்கு மட்டும் பெர்மிஷன் குடுத்துட்டேன். எஸ்எம்பி 1 (நெட்வொர்க்ல ஃபோல்டர் ஷேர் பண்ற முறையோட பழைய வெர்ஷன்) ஆன் பண்ணுன்னு சொன்ன அண்ணே, மனசுக்கு நன்றி, ஆனா அது வேணாம்ணே, 2017ல ஃபைல பூட்டி காசு கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவுனதே அதுல இருந்த ஓட்டை வழியாத்தான். எஸ்எம்பி 2லயே நல்லா ஓடுது.

கம்ப்யூட்டரோட ஐபிய ரவுட்டர்ல ஃபிக்ஸ் பண்ணிடுங்க, கரண்டு போய் வந்தா மாறலாம், நம்ம ஊர்ல கரண்ட பத்தி சொல்லவே வேணாம். ஐபேடு வச்சிருந்தா ஷேர் ஃபோல்டர பாக்க தனி ஆப் தேவையில்ல, அதுல உள்ள ஃபைல்ஸ் ஆப்லயே கனெக்ட் டு சர்வர் இருக்கு.