நாயக்கர் மகாலில் ஷூட்டிங் பார்த்த நாள்

மதுரையில் மகால் தெருப் பக்கம் எங்கள் தாத்தா வீடு. தாத்தா ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். அந்தக் காலத்தில் ஜில்லா கோர்ட் திருமலை நாயக்கர் மகாலுக்குள்தான் நடந்தது. அதனால் "கோர்ட்டுக்குப் போறேன்" என்று அவர் சொன்னதே கிடையாதாம், "மகாலுக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்றுதான் கிளம்புவாராம். எங்கள் வீட்டில் மகால் என்றாலே வாய்தாவும் கேஸ் கட்டும்தான். 'பம்பாய்' படத்தில் மகாலுக்குள் எடுத்த 'கண்ணாளனே' பாட்டு வந்தபிறகு எல்லாம் மாறிப்போச்சு. ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் மீனாட்சியம்மனைக் கும்பிட்ட கையோடு மகாலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஒரு லீவு நாளில் வேறொரு படத்துக்கு அங்கே ஷூட்டிங். சின்னப் பிள்ளைகள் நாங்கள் நாலு பேர் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டோம். முற்றத்தில் டிராலிக்குத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். வயதான லைட்மேன் ஒருவர் தூணைச் சுற்றிக் கயிறு கட்டுமுன், நாலாக மடித்த சாக்கை இடையில் வைத்தார். "பூச்சு பேந்துரும்டா, தள்ளி நில்லுங்க" என்றார். அவர் முகம் இன்றும் ஞாபகம் இருக்கிறது.

எல்லோரும் அவரைப்போல இல்லை. பேக்கப் சொன்னதும் ஒருவர் தூணில் ஒட்டியிருந்த டேப்பைச் சரக்கென்று இழுத்தார். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுண்ணாம்புப் பூச்சு அதோடு வந்துவிட்டது. கீழே விழுந்த சில்லை எடுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் பளிங்கு மாதிரி வழவழப்பு, அடிப்பக்கம் சொரசொரப்பு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சாந்து என்று தாத்தா சொல்லியிருந்தார். வயிற்றைப் பிசைந்தது.

1636-ல் கட்டிய அரண்மனை. இன்று நாம் பார்ப்பது அதில் கால்வாசிதான். நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, இங்கிருந்து பெயர்த்து அங்கே கொண்டுபோனது ஏராளம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைச் சந்துக்குள் தனியாக நிற்கும் பத்துத்தூணும் இதே அரண்மனையைச் சேர்ந்ததுதான். மிச்சமும் இடிந்து விழாமல் 1866-லிருந்து 1872 வரை பழுதுபார்த்தவர் கவர்னர் நேப்பியர். அப்படித் தப்பிப் பிழைத்த உயரமான தூணில், நாலு பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடிகிற தூணில், ஒரு டேப்பை மெதுவாகப் பிரிக்க ஒரு நிமிஷம் ஆகுமா? படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பாட்டைப் பார்த்துத்தான் எத்தனையோ பேர் மகாலைத் தேடி வந்தார்கள்.

போன வருஷம் என் மகளைக் கூட்டிப்போனேன். அவள் அண்ணாந்து வளைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தத் தூணைத் தேடிப் போனேன். காசு அளவு இடத்தில் புதுச் சுண்ணாம்பு, கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக. பக்கத்திலேயே யாரோ சாவியால் கீறிய இரண்டு பெயர்கள்.