‘ஸ்டில் லைஃப்’: தமிழ்க் கலைச்சொல்லாக ‘அமைபொருள் ஓவியம்’

அன்பார்ந்த குழுவினருக்கு,

வணக்கம். கனி, பூ, கிண்ணம், மீன், ரொட்டி, புத்தகம் முதலானவற்றை மேசைமேல் வைத்து வரையும் ஓவிய வகைக்குத் தமிழில் என்ன பெயரிடுவது என்னும் இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருசேரப் படித்தேன். ‘அசையாப் பொருள் ஓவியம்’, ‘உயிரற்ற பொருள் ஓவியம்’, ‘நிலைப்பொருள் ஓவியம்’ ஆகிய மூன்றுக்கும் ஆதரவு இருக்கிறது. முதல் இரண்டும் அப்பொருள்களிடம் எது இல்லை என்பதைச் சொல்கின்றன. மூன்றாவது, இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்கிறது. நாலு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் ஒரு சீமைமாதுளையையும் முட்டைக்கோசையும் காட்டும் படத்தின் முன் மனிதர்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்ற கேள்வியை மூன்றும் தொடவில்லை. ஒரு கலை வகையின் பெயர் அந்தக் கலையின் உயிர்நாடியை இயன்ற அளவு தொட வேண்டும் என்று நம்புகிறேன். அதனால் ‘அமைபொருள் ஓவியம்’ என்பதை முன்மொழிகிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

ஐரோப்பிய மொழிகளே இதில் ஒருமித்து நிற்கவில்லை. டச்சு மொழியில் ‘ஸ்டில்லேவன்’ என்ற பொதுச்சொல் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வழக்குக்கு வருகிறது. ஆங்கிலச் சொல் அதன் வழிப் பிறந்தது. அதற்கு முன் அங்குள்ள ஓவியர்களும் வணிகர்களும் இப்படங்களைக் காலையுணவு, சிறுவிருந்து, பூச்சாடி என்று மேசைமேல் இருந்ததைக் கொண்டே குறித்தார்கள். ஸ்பானியர் ‘போதேகோன்’ என்றனர். உணவும் மதுவும் வைக்கும் நிலவறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் இவ்வகை ‘இறந்த இயற்கை’ என்று பெயர் பெற்றது. எனவே ஆங்கிலத்தின் இரு சொற்களையும் தனித்தனியே பெயர்த்து இணைக்கும் கடமை நமக்கு இல்லை.

இறப்பு என்னும் கருத்து இதற்குள் வந்த வழியை அறிந்தால், அதை நாம் ஏன் சுமக்க வேண்டியதில்லை என்பதும் விளங்கும். பிரெஞ்சு அரச ஓவியக் கழகத்தில் 1667இல் நிகழ்ந்த உரைகளைத் தொகுத்த ஆந்த்ரே ஃபெலிபியன், அத்தொகுப்பின் முன்னுரையில் ஓவிய வகைகளுக்கு ஒரு படிநிலை வகுத்தார். வரலாறும் புராணமும் வரைபவருக்கு அதில் உச்சியில் இடம். பழமும் பூவும் சிப்பியும் வரைபவருக்குக் கீழ்ப்படி. உயிருள்ள விலங்குகளை வரைபவர், இறந்தவையும் அசைவற்றவையுமான பொருள்களை மட்டும் வரைபவரைவிட மதிப்புக்குரியவர் என்பது அவர் வாதம். ‘உயிரற்ற’, ‘அசையா’ என்று நாம் இன்று சேர்க்க எண்ணும் அடைமொழிகள் இந்த வகையைத் தாழ்த்திவைத்த அந்தக் கணக்கின் சொற்களே. அவற்றை நம் கலைச்சொல்லுக்குள் மறுபடியும் பதித்துவைப்பது இவ்வோவியர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

அந்தக் கழகமே 1728இல் ழான் சிமியோன் ஷார்தேனை உறுப்பினராக ஏற்றது. அப்போது அவர் அளித்த படங்களுள் ஒன்று இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ‘திருக்கை’. வயிறு கிழிபட்டுக் கொக்கியில் தொங்கும் திருக்கை மீனுக்கு ஒரு பக்கம் கத்தியும் சட்டியும் சாடியும் இருக்க, மறுபக்கம் சிப்பிகளின் மேல் கால் பதித்து, உடல் சிலிர்த்து ஒரு பூனை நிற்கிறது. அந்தப் பூனை உயிருள்ளது. அடுத்த நொடியில் பாயக்கூடியது. டச்சு ஓவியர் ராகேல் ரெய்ஷ் வரைந்த பூங்கொத்துகளில் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் இலைகளின் மேல் திரிகின்றன. இப்படங்களை ‘உயிரற்ற பொருள்’ என்ற பெயருக்குள் அடைக்க முடியாது. ‘அசையா’ என்ற சொல்லோ தமிழில் ‘அசையாச் சொத்து’ என்ற சட்ட வழக்கோடு இறுகிப் பிணைந்துவிட்டது. நிலமும் வீடும் நினைவுக்கு வரும் இடத்தில் மாம்பழத்தையும் மண்குடத்தையும் நினைக்கச் சொல்வது கடினம்.

‘நிலைப்பொருள்’ என்பதைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் பீட்டர் கிளாஸ் 1630இல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. மண்டையோடு, பழைய ஏடுகள், கடிகாரம், கவிழ்ந்து கிடக்கும் கண்ணாடிக் கோப்பை முதலியவை அதில் உள்ளன. மிலானில் உள்ள கரவாஜியோவின் பழக்கூடையில் ஆப்பிளைப் புழு துளைத்திருக்கிறது, இலைகள் சுருங்கத் தொடங்கிவிட்டன. எதுவும் நில்லாது என்பதைத்தான் இந்த ஓவியர்கள் இவ்வளவு பொறுமையாகத் தீட்டினார்கள். நிலையாமையைப் பாடக் காஞ்சித்திணை என ஒரு திணையையே வகுத்துக்கொண்ட மொழியில், நிலையாமையைக் காட்டும் படத்துக்கு ‘நிலைப்பொருள்’ என்று பெயரிடுவது எனக்கு ஒப்பவில்லை.

அப்படியானால் இவ்வகைக்கு உரிய பண்புதான் எது? என் பார்வையில், இப்பொருள்களை ஒரு கை எடுத்து, இடம் தேர்ந்து, ஒன்றுக்கு ஒன்று பொருந்த வைத்துவிட்டு விலகியிருக்கிறது என்பதே அது. நிலக்காட்சியை ஓவியர் தேடிப் போகிறார். உருவப்படத்துக்கு எதிரே அமர்ந்தவருக்குச் சொந்த முகமும் விருப்பமும் இருக்கின்றன. இவ்வகையில் மட்டுமே தூரிகை தொடும் முன்பே படத்தின் பாதி மேசைமேல் ஆக்கப்பட்டுவிடுகிறது. ஸ்பானிய ஓவியர் ஹுவான் சாஞ்செஸ் கோத்தான் 1602ஐ ஒட்டி வரைந்த படத்தைப் பாருங்கள். இப்போது அது சான் தியேகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கல் சாளரச் சட்டத்தில் சீமைமாதுளையும் முட்டைக்கோசும் நூலில் தொங்குகின்றன. அறுத்த முலாம்பழமும் வெள்ளரிக்காயும் விளிம்பில் கிடக்கின்றன. நான்கும் சேர்ந்து மேலிருந்து கீழாக ஒரு வளைவாக இறங்கி நம்மை நோக்கி வருகின்றன. பின்னால் முழு இருள். காய்களை நூலில் கட்டித் தொங்கவிடுவது அழுகாமல் காக்கும் அன்றாட வழக்கம்தான். ஆனால் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு இடைவெளியில் என்ற தீர்மானத்தில்தான் அந்தப் படம் பிறக்கிறது. 1603இல் டொலேடோ வாழ்வைத் துறந்து தனிமையும் மௌனமும் பேணும் கார்த்தூசியத் துறவியரிடம் சேர்ந்தவர் அவர் என்று அறியும்போது அந்த இடைவெளிகளின் கண்டிப்பு இன்னும் ஆழமாகப் புரிகிறது.

ஹார்லெமின் வில்லெம் கிளாஸ் ஹேடா 1635இல் வரைந்த, இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் விருந்து மேசையில் வெள்ளிக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. எலுமிச்சையின் பாதி உரித்த தோல் சுருளாகத் தொங்குகிறது. தட்டு மேசை விளிம்பைத் தாண்டி நம் பக்கம் நீண்டிருக்கிறது. சற்று முன் யாரோ எழுந்து போன தோற்றம் அது. ஆனால் அந்தக் கலைவு முழுவதும் எண்ணி எண்ணி வைக்கப்பட்டது. பிரெஞ்சு ஓவியர் செசான், பழங்களைத் தமக்கு வேண்டிய சாய்வில் நிறுத்த அடியில் நாணயங்களைச் செருகி முட்டுக்கொடுத்ததை, உடனிருந்து பார்த்த இளம் ஓவியர் ஒருவர் சொல்லியிருக்கிறார். பொலோஞ்ஞா நகரில் வாழ்ந்து 1964இல் மறைந்த ஜார்ஜோ மொராந்தியோ ஒரே சில புட்டிகளையும் கிண்ணங்களையும் பல பத்தாண்டுகள் இடம்மாற்றி இடம்மாற்றி வரைந்தார். அவை நின்ற இடங்களை மேசைத் தாளில் கோடிட்டுக் குறித்தும் வைத்தார். இரண்டு புட்டிகள் ஒட்டி நிற்கின்றனவா, நூலளவு விலகி நிற்கின்றனவா என்பது அவருக்கு ஒரு படத்தின் முழுப் பொருளாகவே இருந்தது.

இந்த ஓவியங்களின் ஈர்ப்பு காலத்தால் குறையாததற்கும் இதுவே காரணம் என்று எண்ணுகிறேன். வரலாற்று ஓவியத்தைப் பார்ப்பவர் கதை அறிந்திருக்க வேண்டும். இங்கே ஒருவர் வைத்தவற்றை, அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் பார்த்த தொலைவிலிருந்து பார்த்தால் போதும். பிரெஞ்சு எழுத்தாளர் தெனி தித்ரோ 1763இல் ஷார்தேனின் ஒலிவச் சாடிப் படத்தைப் பற்றி எழுதும்போது, அந்த பிஸ்கட்டுகளை எடுத்துத் தின்றுவிடலாம், அந்தக் கசப்பு ஆரஞ்சைப் பிளந்து பிழிந்துவிடலாம் என்றார். கை நீட்டினால் எட்டும் தொலைவு: அந்தத் தொலைவை அமைத்துக் கொடுப்பதே ஓவியரின் செயல்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘அமைதல்’ என்ற வினை பொருந்துதல், அடங்குதல், நிறைதல் என்னும் பொருள்களைத் தருகிறது. ‘அமைத்தல்’ ஒழுங்குபட ஆக்குதலைக் குறிக்கிறது. ‘அமைதி’யும் அவற்றோடு பிறந்ததே. டச்சுச் சொல்லில் உள்ள சலனமின்மையும், அச்சொல் சொல்லாமல் விட்ட கையின் செயலும் இந்த ஒரே வேரில் கிடைக்கின்றன. மேலும் ‘அமைபொருள்’ வினைத்தொகை. அமைந்த பொருள், அமைகின்ற பொருள், அமையும் பொருள் என முக்காலத்துக்கும் விரியும். வினைத்தொகையாதலால் இடையில் ஒற்று மிகாது. ‘அமைப்பொருள்’ என்று எழுதுவது பிழை என்பதைச் சொற்பட்டியலிலேயே குறித்துவிடலாம்.

குழுவினரின் கருத்தை எதிர்நோக்குகிறேன்.

அன்புடன்.

———

மறுமொழி

ஐயா, வணக்கம்.

> இவ்வகையில் மட்டுமே தூரிகை தொடும் முன்பே படத்தின் பாதி மேசைமேல் ஆக்கப்பட்டுவிடுகிறது.

ஓவிய வகுப்பு நடத்துபவள் என்ற முறையில் இதை முழுதும் ஏற்கிறேன். சித்திரை முதல் நாளின் முந்திய இரவில், கண்ணாடிக்கு முன் கனிகளையும் பூவையும் நகையையும் தட்டில் அடுக்கிச் சித்திரைக்கனி வைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதை நான் தனியாகக் கற்பிக்க வேண்டியிருப்பதில்லை. ‘அசையாப் பொருள்’ என்று சொன்னால் அவர்கள் பொருளை மட்டும் பார்க்கிறார்கள். ‘அமை’ என்று சொன்னால் இடைவெளியையும் பார்ப்பார்கள்.

ஆயினும் இரண்டு ஐயங்கள். முதலாவது, அறை முழுவதும் பொருள்களை நிறுவிக் காட்டும் இக்காலக் கலைக்கும் ‘அமைபொருள்’ என்ற சொல் பொருந்துமே, குழப்பம் வராதா? இரண்டாவது, தமிழில் ‘பொருள்’ என்பது அர்த்தத்தையும் செல்வத்தையும் குறிக்கும். ‘அமைபொருள்’ என்று தனியே நின்றால், ‘ஒரு சொல்லில் அமையும் அர்த்தம்’ என்று மாணவர்கள் கொள்ள இடமுண்டு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கண்ணுக்கு முன் ஓர் ஏற்பாடும் இல்லாமல், நினைவிலிருந்தும் குறிப்புப் படங்களிலிருந்தும் வரைந்த பூச்சாடிப் படங்கள் ஏராளம். வெவ்வேறு பருவத்தில் பூப்பவை ஒரே சாடியில் மலர்ந்திருக்கும். அவற்றை ‘அமைபொருள்’ எனலாமா?

நன்றியுடன்.

———

மறுமொழி

அம்மா, வணக்கம். கூர்மையான கேள்விகளுக்கு நன்றி.

மூன்றாவதாகக் கேட்டதே இச்சொல்லுக்கு உண்மையான சோதனை. பருவங்கள் கலந்த அந்தப் பூச்சாடிகள் எந்த மேசையிலும் ஒரு நாளும் நின்றவை அல்ல. வசந்தத்தில் கண்ட துலிப்பைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, கோடையில் கண்ட ரோஜாவுக்குப் பக்கத்தில் கித்தானில்தான் ஓவியர் இணைத்தார். அங்கே அமைத்தல் மேசையிலிருந்து கித்தானுக்கு இடம் மாறியிருக்கிறது. இயற்கையில் ஒருபோதும் சேராதவற்றைச் சேர்க்கும் அந்தத் துணிவு, நேரில் வைத்து வரைவதைக் காட்டிலும் வலிய அமைப்பு என்றே கொள்ள வேண்டும். ஆகவே சொல் அங்கும் நிற்கிறது.

நிறுவிக் காட்டும் கலைக்கு ‘நிறுவற்கலை’ என்ற சொல்லை ஒதுக்கலாம். அங்கே பார்ப்பவர் பொருள்களுக்கு நடுவே நடக்கிறார். இங்கே ‘ஓவியம்’ என்ற பின்னொட்டே பார்ப்பவரை ஒரு சட்டத்தின் முன் நிறுத்திவிடுகிறது. ஒளிப்படத்துக்கு ‘அமைபொருள் ஒளிப்படம்’ என்று எளிதில் நீளும். ஒளிப்படக் கலையின் முன்னோடியான டகேர் 1837இல் சுதைச் சிற்பங்களை அடுக்கிப் பதிவு செய்த படமே அவ்வகையின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்ததாதலால் அந்த நீட்சி தேவையானதும் கூட.

‘பொருள்’ பற்றிய ஐயத்தில் நியாயம் இருக்கிறது. ‘அமைபொருள்’ என்று தனித்து வழங்காமல், எப்போதும் ‘ஓவியம்’, ‘ஒளிப்படம்’, ‘வரைவு’ என்ற சொல்லோடு சேர்த்தே வழங்குவது என்று வரையறுத்துக்கொள்வோம். செல்வம் என்ற பொருள் உடன் ஒலிப்பதை நான் தடுக்க மாட்டேன். கிளாரா பீட்டர்ஸ் 1611இல் வரைந்து, இன்று மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்தில், பொன்முலாம் பூசிய கோப்பையின் புடைப்புகளில் ஓவியர் தம் முகத்தையே மிகச் சிறிதாகப் பலமுறை தீட்டியிருக்கிறார். விலைமதிப்பும், உழைத்த கையும், பார்க்கும் கண்ணும் அங்கே ஒரே பரப்பில் சேர்ந்திருக்கின்றன.

கிளைச்சொற்களையும் இத்துடன் முடிவு செய்துவிடலாம். மண்டையோடும் அணைந்த விளக்கும் காட்டும் ‘வானிதாஸ்’ வகைக்கு ‘நிலையாமை ஓவியம்’ என்பதில் எவருக்கும் மறுப்பு இராது என்று நம்புகிறேன். பொம்பேய் நகரச் சுவர்களில் கண்டெடுத்து நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்துள்ள முட்டை, பறவை, கனிப் படங்களைப் போன்றவற்றை ‘க்செனியா’ என்பர். கிரேக்கர்கள் தம் வீட்டில் தங்கியோருக்குக் கோழி, முட்டை, காய், கனி அனுப்பும் வழக்கத்தால் இப்பெயர் வந்ததாக ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் எழுதியிருக்கிறார். வந்தவரையும் அவருக்குப் படைப்பதையும் ஒருங்கே குறிக்கும் சொல் நம்மிடம் இருப்பதால் ‘விருந்தோவியம்’ என்று முன்மொழிகிறேன். ‘போதேகோன்’ ஸ்பெயினுக்கே உரிய வரலாற்றுச் சொல்லாதலால் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். மறுப்பு உள்ளவர்கள் இந்த இழையிலேயே எழுதினால், அடுத்த தொகுப்பைப் பதிவேற்றும் முன் திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்.