ராஃப்டில் மிதந்தபடி மூஸ் வேட்டை: புதுப்பிப்பு

அலாஸ்காவின் உட்பகுதியிலுள்ள ஒரு கிளையாற்றில் செப்டம்பரில் மூஸ் (மிகப் பெரிய மான் வகை) வேட்டைக்குச் செல்லவிருப்பதாகவும், 14 அடி ராஃப்ட் (மிதவைப் படகு) இரண்டு பேரையும் ஒரு மூஸின் இறைச்சியையும் தாங்குமா என்றும் ஆகஸ்டில் கேட்டிருந்தேன். தாங்கியது, ஆனால் ஆழம் குறைந்த இடங்களில் தரைதட்டியபோதெல்லாம் இறங்கி இழுக்க வேண்டியிருந்தது. வளர்ந்த ஆண் மூஸிலிருந்து இறைச்சி மட்டுமே 200 கிலோவுக்கு மேல் கிடைக்கும் என்பதை நினைவூட்டி, மற்றச் சுமையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

மூஸுக்குக் கண்பார்வையைவிடச் செவியும் மோப்பமும் கூர்மையானவை. ஆகவே துடுப்பைத் திசை திருப்ப மட்டுமே பயன்படுத்தி, நீரோட்டத்தின் போக்கிலேயே மிதந்தோம். ஒவ்வொரு பெரிய வளைவுக்கு முன்பும் கரையேறி, வில்லோ புதர்களில் கொம்பு உரசும் ஓசை கேட்கிறதா என்று காத்திருந்தோம். ஐந்தாம் நாள் காலையில் ஆண் மூஸ் ஒன்று முழங்காலளவு நீரில் நின்றிருந்தது. அங்கேயே சுட்டிருந்தால், அவ்வளவு பெரிய உடலைக் குளிர்ந்த நீருக்குள் நின்று அறுக்க நேர்ந்து, இறைச்சியும் பாழாகியிருக்கும். அது சரளைக்கல் கரையில் ஏறும்வரை பொறுத்திருந்ததே இப்பயணத்தில் நாங்கள் செய்த மிகச் சரியான செயல் என்று கருதுகிறேன்.

இறைச்சியைத் துணிப்பைகளில் இட்டு, காற்றுப்படும்படி கம்புகளில் தொங்கவிட்டு உலர்த்தினோம். உண்ணத்தக்க இறைச்சிக்கு முன்னதாகக் கொம்பை எடுத்துச்செல்ல அலாஸ்கா சட்டம் இடந்தருவதில்லை. அதனால் கொம்பு கடைசியாகத்தான் ராஃப்டில் ஏறியது. பைகள் நனையாதிருக்க அடியில் குறுக்குக் கம்புகளைப் பரப்பியிருந்தோம். மூன்று நாள் கழித்து விமானம் காத்திருந்த இடத்தை அடைந்தபோதும் இறைச்சி கெடாமல் இருந்தது.