டிமென்ஷியா வந்த அம்மாவிடம் எப்படிப் பேசுகிறீர்கள்? எங்கள் வீட்டு அனுபவம்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது, டிமென்ஷியாவில் (மறதி நோயில்) ஒரு வகையான அல்சைமர் என்று உறுதியாகி இரண்டு வருடம் ஆகிறது. திரும்பிப் பார்த்தால், முதலில் தடுமாறியது பேச்சுதான். கரண்டி என்ற சொல் வராது, "அந்தக் குழம்பு ஊத்துறது" என்பார். வயசுதானே என்று விட்டுவிட்டோம்.

ஒரு நாள் காலையில் "பசியாறிட்டு, மாத்திரையப் போட்டுக்கிட்டு, நீலச் சேலையக் கட்டிக்குங்கம்மா, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகணும்" என்றேன். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், சேலையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார், ரொட்டியும் மாத்திரையும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. "சொன்னது காதுல விழலயா?" என்று கத்திவிட்டேன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

காது நன்றாகவே கேட்கிறது. டாக்டர் பிறகு விளக்கினார்: கேட்டதைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்து வைத்தால்தான் கடைசியில் வருவதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள முடியும், அந்தச் செயல்நினைவு இந்த நோயில் சுருங்கிவிடுகிறது. நான் மூன்றாவது வேலைக்கு வருவதற்குள் முதல் இரண்டும் அவரிடம் இல்லை. தமிழில் நாம் செஞ்சிட்டு, போட்டுக்கிட்டு என்று அடுக்கிக்கொண்டே போய் முக்கியமான வினையைக் கடைசியில்தான் சொல்கிறோம் இல்லையா, அதுவும் அவருக்குச் சுமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது ஒரு நேரத்தில் ஒன்றுதான். "அம்மா, ரொட்டி சாப்பிடுங்க." அப்புறம் மனதுக்குள் பத்து எண்ணுகிறேன். இடையில் வேறு வார்த்தையில் மாற்றிச் சொன்னால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. குளிக்க வைப்பதுதான் இன்னும் முடியவில்லை, யாராவது சொல்லுங்கள்.

———

அக்கா, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கும் இதே நோய். "குளிக்க வாங்கப்பா" என்றால் நகரமாட்டார். துண்டைக் கையில் கொடுத்து, கைச்சூட்டுத் தண்ணீரை விரலில் தொட்டுப் பார்க்க வைத்தால் எழுந்து வருகிறார். சொல் புரியாதபோதும் கையில் இருக்கும் பொருள் புரிகிறது.

அப்பா ஹார்பரில் வேலை செய்தவர், மலாயும் ஹொக்கியன் என்ற சீன மொழியும் தண்ணீர்பட்ட பாடு. பிறகு கற்ற மொழி பலருக்கு முதலில் நழுவுமாம், அவருக்கும் அப்படித்தான். இத்தனை மொழி தெரிந்தவருக்கு எப்படி வரும் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஹைதராபாதில் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருடம் தள்ளித் தொடங்கியிருந்தது. தள்ளித்தான், வராமல் இல்லை. போன வாரம் காய்கறிக் கடைக்காரரிடம் ஹொக்கியனில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். முப்பது வருடப் பழக்கம், அந்தச் சீனர் தலையாட்டிக்கொண்டே முழுதும் கேட்டுவிட்டு, அப்பா எப்போதும் வாங்கும் கங்கோங் கீரைக் கட்டை எடுத்துப் பையில் போட்டார்.