'நாயக்' ரயில் படமா, இல்லையா?

பழைய ரீல்:
சிறந்த ரயில் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் சத்யஜித் ராயின் 'நாயக்' (1966) அதில் வந்துவிடுகிறது. நல்ல படம்தான், ஆனால் ரயில் படம் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. உச்ச நடிகர் அரிந்தம் (உத்தம் குமார்) விருது வாங்க கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போகிறார். வழியில் பழைய வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறார், பத்திரிகைக்காரி அதிதியிடம் (ஷர்மிளா தாகூர்) மனம் திறக்கிறார். இதைக் கப்பலில் எடுத்தாலும் இதே படம்தானே?

ரிச்சர்ட் ஃப்ளைஷரின் 'தி நேரோ மார்ஜின்' (1952) அப்படியல்ல. சாட்சி சொல்லப் போகும், இறந்துபோன தாதாவின் மனைவியைப் போலீஸ்காரர் ஒருவர் சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கூட்டிப்போகிறார். பெட்டியின் நடைவழியில் எதிரே ஆள் வந்தால் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அங்கே பருத்த ஆசாமி ஒருவர் வேறு அடிக்கடி வழியை அடைத்துக்கொண்டு நிற்பார். பின்னணி இசை கிடையாது, ரயில் சத்தம்தான் இசை. அவள் நகத்துக்கு அரம் போடுகிற சத்தம் அப்படியே எஞ்சின் ஓடும் தாளமாக மாறும் இடம் ஒன்று போதும். ரயிலை எடுத்துவிட்டால் இந்தப் படமே இல்லை.

மீனா:
கப்பலா? வாரக்கணக்கில் முகம் பார்க்க வேண்டிய ஆளிடம் யார் சார் மனம் திறப்பார்கள்? விடிந்தால் இறங்கிப் போய்விடுவாள் என்பதால்தான் அரிந்தம் பேசுகிறார். எதிர் பெர்த்காரரிடம் சொந்தக் கதை முழுவதையும் கொட்டிவிட்டு, பெயர்கூடக் கேட்காமல் இறங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அப்புறம், வகுப்பு வித்தியாசத்தையும் பாருங்கள். அவர் முதல் வகுப்பில் தொழிலதிபர் குடும்பத்தோடு, அவள் சேர் காரில். இருவரும் சேர்ந்து உட்கார டைனிங் காரை விட்டால் வேறு இடமில்லை. ராத்திரி குடித்துவிட்டு வாசலில் நின்று, கீழே ஓடும் தண்டவாளத்தையே பார்ப்பாரே, அது ரயிலில்லாமல் எப்படி?

பழைய ரீல்:
வாசல் காட்சி சரி. ஆனால் ரூபாய் நோட்டுக் குவியலுக்குள் அவர் புதைந்துபோகும் கனவு? அதற்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்? முன்கதைகள் வந்ததும் சக்கரச் சத்தமே மறந்துபோகிறது. வண்டிக்குள்ளேயே நிற்காத படத்தை ரயில் படம் என்று எப்படிச் சொல்வது?

கார்டு வேன்:
குறுக்கே வருகிறேன். ரயிலுக்கு வெளியே போகக்கூடாது என்றால் ஹிட்ச்காக்கின் 'தி லேடி வேனிஷஸ்' (1938) முதலில் அடிபட்டுவிடும். பனியால் வண்டி தாமதமாக, ஆரம்பத்தில் வெகுநேரம் எல்லோரும் ஓட்டலில்தான் கிடக்கிறார்கள். அதற்காக அதை ரயில் படம் இல்லை என்பீர்களா? பிறகு காணாமல் போகும் பெண்மணி மிஸ் ஃபிராய் கதாநாயகியிடம் தன் பெயரைச் சொல்லும்போது ரயில் சத்தத்தில் காதில் விழாது, அதனால் ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதிக் காட்டுவார். அப்படி ஒரு பெண்மணியே ஏறவில்லை என்று பிறகு மற்றவர்கள் சாதிக்கும்போது, கதாநாயகி அந்த எழுத்தைப் பார்ப்பாள். யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவதற்குள் வண்டி சுரங்கத்துக்குள் நுழைய, எழுத்து போயே போய்விடும். வெளியே எறிந்த மிஸ் ஃபிராயின் டீ பொட்டல உறை ஒரு நொடி ஜன்னலில் ஒட்டிப் பறப்பதும் அப்படித்தான், ஓடுகிற வண்டியில்தான் நடக்கும்.

பழைய ரீல்:
நீங்கள் என் கட்சிக்குத்தான் பேசுகிறீர்கள்! அங்கே ரயில் துப்பைக் கொடுக்கிறது, பிடுங்குகிறது. 'நாயக்'கில் ரயில் வெறும் இருக்கை.

மீனா:
துப்பு கொடுத்தால்தான் ரயிலா? கூட்டத்துக்கு நடுவிலேயே வாழ்கிற நடிகனை ஓர் இரவு வெளியே போக முடியாமல் உட்கார வைத்ததே, அதுவும் வேலைதான். டெல்லி வந்து பிளாட்பாரத்தில் மாலையோடு கூட்டம் மொய்த்ததும் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அரிந்தம் மறுபடியும் பழையபடி உச்ச நடிகராகிவிடுகிறாரே!

கார்டு வேன்:
சிட்னி லூமெட்டின் 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' (1974) படத்தில் வண்டி பனியில் மாட்டி நின்றுவிடுகிறது, விசாரணையெல்லாம் நின்ற வண்டியில்தான். பழைய ரீல் சார், ஓடாத ரயிலை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?