1/17க்கு திரும்பத் திரும்ப வர்ற இலக்கத்தை பைத்தான்ல எப்படி கண்டுபிடிக்கிறது?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, பைத்தான் இப்பதான் கத்துக்கிட்டு இருக்கேன், லூப், லிஸ்ட், டிக்‌ஷனரி வரைக்கும் வந்தாச்சு. ஒரு பின்னம் குடுத்தா தசமத்துல எந்த இலக்கங்கள் சுழலுதுன்னு காட்டுற ப்ரோகிராம் எழுதணும். 1/7ஐ ஸ்ட்ரிங்கா மாத்தினா 0.14285714285714285னு வருது, அதுல 142857ஐ தேடிப் புடிச்சிடலாம். ஆனா 1/17 போட்டா 0.058823529411764705னு நின்னுடுது, எங்க திரும்புதுன்னே தெரியல. டெசிமல் மாட்யூல்ல 100 இலக்கம் வாங்கித் தேடலாமா?

பதில் 1:
100 வாங்கினா 1/17க்கு போதும், ஏன்னா சுழற்சி 16 இலக்கம்தான். 1/97க்கு போதாது, அதுக்கு சுழற்சியே 96 இலக்கம், மிச்சம் இருக்குற நாலஞ்சு இலக்கத்தை வச்சு எதையும் உறுதியா சொல்ல முடியாது. விடையைப் பாக்காதீங்க, மீதியைப் பாருங்க ப்ரோ. ஸ்கூல்ல கையால வகுக்கும்போது மீதிக்குப் பக்கத்துல சைபர் போட்டு மறுபடி வகுப்போம்ல, அதேதான். முதல்ல மீதி = 1னு வச்சுட்டு லூப்புக்குள்ள இதைப் போடுங்க:

மீதி = மீதி * 10
இலக்கம் = மீதி // 17
மீதி = மீதி % 17

பைத்தான் 3ல வேரியபிளுக்கு தமிழ்லயே பேர் வைக்கலாம், அதனால இது அப்படியே ஓடும். 17ஆல வகுத்தா மீதி 0 வரணும், இல்லன்னா 1ல இருந்து 16க்குள்ள ஏதாவது ஒண்ணு. 0 வந்தா தசமம் முடிஞ்சுது. வராட்டி 16 தடவைக்குள்ள பழைய மீதி ஒண்ணு திரும்ப வந்தே ஆகணும், வந்த உடனே அங்கருந்து எல்லாம் பழைய வரிசைலயே ஓடும்.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஒண்ணு மட்டும் கவனிங்க, இலக்கத்தை ஒப்பிடாதீங்க. 1/17ல 0, 5, 8, 8னு வரும், 8 ரெண்டாவது தடவை வந்துடுச்சேன்னு லூப்பை நிறுத்தினா விடை தப்பு. 1/7க்கு மீதியை பிரிண்ட் பண்ணிப் பாருங்க, 1, 3, 2, 6, 4, 5, அப்புறம் திரும்ப 1. அவ்வளவு அழகா இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, 1/17 வந்துடுச்சு, 0588235294117647. முதல் மீதி 1 திரும்ப வந்தா நிறுத்துன்னு எழுதினேன். ஆனா 1/12க்கு லூப் நிக்கவே மாட்டேங்குது?

பதில் 3:
1/12ல 1 திரும்ப வராது தம்பி. மீதி 1, 10, 4, 4, 4னு போகும், அதாவது 0.08 வரைக்கும் சுழலாத பகுதி, அதுக்கப்புறம் 3 மட்டும். அதனால ஒவ்வொரு மீதியும் எந்த இடத்துல முதல்ல வந்துச்சுன்னு டிக்‌ஷனரில போட்டு வைங்க, மீதி கீ, இடம் வேல்யூ. பழைய மீதி கிடைச்சா அதோட இடத்துக்கு முன்னாடி உள்ளது சுழலாதது, அங்கருந்து இப்ப இருக்குற இடம் வரைக்கும் சுழல்றது. சுருக்கின பின்னத்தோட கீழ் எண்ணுல 2, 5 காரணியா இருந்தாதான் இந்த சுழலாத பகுதியே வரும், 12ல ரெண்டு 2 இருக்கு அதனால ரெண்டு இலக்கம், 28லயும் அப்படித்தான், 0.03க்கு அப்புறம் 571428 சுழலும். எழுதி முடிச்சதும் 1000க்கு கீழ எந்த எண்ணுக்கு சுழற்சி ரொம்ப நீளம்னு தேட விடுங்க, 983, நீளம் 982ன்னு வந்தா உங்க கோட் சரி.