மெல்லிசு ஸ்லாப் செரிஃப் லேபிளுக்கு செட்டாகுமா?

கேள்வி: காரைக்குடில எங்க ஆச்சி சுடுற தேன்குழல், சீப்புசீடைக்கு லேபிள் அடிக்கணும். இங்கிலீஷ் பேருக்கு ஜோசஃபின் ஸ்லாப்ங்கிற ஃபான்ட்டோட தின் வெயிட் (ரொம்ப மெல்லிசு கோடு) பிடிச்சிருக்கு, பிரஸ்காரர் வேணாங்கிறார். ஏன்?

பதில்: அவர் சொல்றது சரிதான் தம்பி. ஸ்லாப் செரிஃப்னா எழுத்து முனையில பட்டையா கட்டை வெச்ச ஃபான்ட், பொதுவா 1934ல வந்த ராக்வெல் ஃபான்ட் மாதிரி கட்டை கட்டையா இருக்கும், ஜோசஃபின் தின்ல கோடும் முனைக்கட்டையும் ஒரே மெல்லிசு, அதான் அழகு அதான் தொந்தரவும், கருப்பு மேல வெள்ளையா சின்ன சைஸ்ல அடிச்சா மை பரவி எழுத்தே காணாமப்போகும். பேரை மட்டும் பெருசா வைங்க, எடை விலைக்கெல்லாம் ரெகுலர் வெயிட் போதும்.

பதில்: ஆர்ச்சர்னு ஒரு ஸ்லாப் ஃபான்ட் பாருங்கண்ணே, அமெரிக்காவோட மார்த்தா ஸ்டூவர்ட் பத்திரிகைக்குப் பண்ணினது. சில எழுத்து முனையில குட்டி உருண்டை, சீடை மாதிரியே! காசுதான், ஜோசஃபின் ஃப்ரீ.

கேட்டவர்: ஆச்சிக்கு கண்ணாடி போட்டும் தின் தெரியல, கொஞ்சம் தடிப்பான செமிபோல்டுக்கு மாறிட்டேன் 😄